ஊருக்கு ஒரு பத்தாண்டுத் திட்டம்: நகராட்சிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மார்ச் மாதம் பட்ஜெட் கூட்டம் காலை பதினோரு மணிக்கு என்றால், பத்தரைக்குத்தான் கவுன்சிலர்கள் கைக்குப் பட்ஜெட் புத்தகம் வரும். முதல் முறை ஜெயித்து வந்தவர் அவசரமாகப் புரட்டுவார். தன் வார்டு எங்காவது இருக்கிறதா என்று தேடுவார். அதற்குள் "மன்றம் ஏகமனதாக அனுமதித்தது" என்று வாசித்து முடித்திருப்பார்கள். நகராட்சி ஒன்றின் கணக்குப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். அந்தப் புத்தகத்தைத் தட்டச்சு செய்து, பைண்டிங் போட்டுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஊரின் எதிர்காலத்தைப் பற்றி மேடையில் எவ்வளவோ பேசியிருப்பார்கள். அதில் ஒரு வரிகூட அந்தப் புத்தகத்துக்குள் வராமல் போவதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம்தான் இதை எழுத வைக்கிறது.

நீங்கள் புதிய நகர்மன்ற உறுப்பினராக இருக்கலாம். வார்டு கமிட்டியில் சேர்ந்தவராகவோ குடியிருப்போர் சங்கச் செயலாளராகவோ இருக்கலாம். உங்கள் ஊருக்குப் பத்தாண்டுக்கான ஒரு திட்டத்தை எல்லோருமாகச் சேர்ந்து எழுத வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது, எந்தக் காகிதத்தைக் கேட்பது, யாரைக் கூப்பிடுவது, கடைசியில் அதை எப்படிப் பட்ஜெட்டுக்குள் ஏற்றுவது என்று வரிசையாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டு நகராட்சியை மனதில் வைத்தே எழுதுகிறேன். பேரூராட்சிக்கும் மாநகராட்சிக்கும் அளவுதான் மாறும், வேலை இதேதான்.

"திட்டம் போடுவதெல்லாம் சென்னையில் இருக்கிறவர்கள் வேலை" என்று யாராவது சொன்னால் தயங்க வேண்டாம். 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 74வது அரசியல் சட்டத் திருத்தம், நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்கவை என்று 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் அடுக்கியிருக்கிறது. அதில் முதலாவது நகரத் திட்டமிடல். மூன்றாவது, பொருளாதார, சமூக வளர்ச்சிக்கான திட்டமிடல். தெருவிளக்கும் சாக்கடையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

முதலில் கணக்கு

பெரும்பாலான ஊர்களில் இந்த வேலையை ஒரு கூட்டம் போட்டுத் தொடங்குவார்கள். "நம்ம ஊர் எப்படி இருக்கணும்?" என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். மேம்பாலம், படகுத்துறை, அடுக்குமாடி வாகன நிறுத்தம் என்று பட்டியல் நீளும். ஆறு மாதம் கழித்து, "அதுக்கெல்லாம் நிதி இல்லைங்க" என்று தெரியவரும். வந்தவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார்கள். ஒருமுறை அப்படி மனம் விட்டுப்போனவர்களைத் திரும்பக் கூட்டி வருவது மிகவும் கடினம். அதனால் கூட்டத்துக்கு முன்பே கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

மூன்று காகிதங்கள் போதும். முதலாவது, கடந்த மூன்று ஆண்டுகளின் உண்மையான வரவு செலவு. பட்ஜெட் மதிப்பீடு வேறு, நடந்த வரவு செலவு வேறு. கேட்கும்போது இரண்டாவதை அழுத்திக் கேளுங்கள். இரண்டாவது காகிதம் கேட்பு (அதாவது வர வேண்டிய தொகை), வசூல், நிலுவைப் பட்டியல். அலுவலகத்தில் டி.சி.பி. என்றால் உடனே எடுத்துத் தருவார்கள். மூன்றாவது, தர வேண்டிய பாக்கிகள்: கடன் தவணை, மின்கட்டணம், ஒப்பந்ததாரர் பில்கள், குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்ட வேண்டியது. கவுன்சிலர் என்றால் ஆணையாளரிடம் கேட்டு வாங்கலாம். பதவியில் இல்லாதவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடலாம்.

நகராட்சிப் பணம் ஒரே உண்டியலில் கிடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். வருவாய் நிதி தனி, குடிநீர் வடிகால் நிதி தனி, கல்வி நிதி தனி. மேலிருந்து வரும் மானியத்துக்கும் கடிவாளம் உண்டு. ஒன்றிய அரசின் 15வது நிதிக்குழு 2021-26 காலத்துக்குச் சிறு, நடுத்தர ஊர்களுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் திடக்கழிவுக்கும் என்று கட்டிப்போட்டது. மீதி 40 விழுக்காட்டைத்தான் ஊர் தன் தேவைக்கேற்பச் செலவிட முடிந்தது.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை. ஒரு நகராட்சிக்கு வரி, கட்டணம், கடை வாடகை எல்லாம் சேர்த்துச் சொந்த வருவாய் 12 கோடி. மாநில அரசு தன் வரி வருவாயிலிருந்து தரும் மாநில நிதிக்குழுப் பகிர்வு 8 கோடி. மொத்தம் 20 கோடி. சம்பளமும் ஓய்வூதியமும் 10 கோடி. குப்பை அள்ளும் ஒப்பந்தம், மோட்டார் ஓடும் மின்சாரம், பைப் பழுது, தெருவிளக்கு என்று 7.5 கோடி. கடன் தவணை 1 கோடி. கையில் நிற்பது ஒன்றரைக் கோடி. பத்தாண்டுக்கு 15 கோடி. உங்கள் ஊர் யாரையும் கேட்காமல் கனவு காணக்கூடிய அளவு அவ்வளவுதான். இனி டி.சி.பி.யைப் பாருங்கள். சொத்துவரிக் கேட்பு 5 கோடி, வசூல் மூன்றரைக் கோடி என்றால், வசூலாகாமல் நிற்கிற ஒன்றரைக் கோடி உங்கள் கைப்பணத்துக்குச் சமம். அதை ஒழுங்காக வசூலித்தாலே கைப்பணம் இரண்டு மடங்காகும். அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் சொத்துவரி கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை உண்டு என்பது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? என் அனுபவத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இந்தச் சின்னத் தொகைக்கு வேறொரு பலமும் இருக்கிறது. ஒன்றிய, மாநில அரசுகளின் பெரிய திட்டங்கள் பலவற்றில் நகராட்சியும் தன் பங்கைப் போட வேண்டும். கையில் பங்குப் பணம் வைத்திருக்கும் ஊருக்குத்தான் பெரிய திட்டம் கேட்கும் தைரியம் வரும்.

அடுத்து, எது யாருடையது

இது சலிப்பான வேலை. ஆனால் இதைத் தவிர்த்த ஊர்கள் எல்லாம் பின்னால் தடுக்கி விழுந்தன. ஊரின் நடுவே ஏரி இருக்கும். அதைச் சுற்றி நடைபாதை போட வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுவார்கள். ஏரி நீர்வளத் துறையுடையது. அதற்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் ஊர் எல்லைக்கு வெளியே, பக்கத்து ஊராட்சியில் கிடக்கிறது. கரைமேல் போகும் சாலை நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். கரையோர வீடுகளுக்குப் பட்டா விவகாரம் வருவாய்த் துறையில். இதில் நகராட்சியின் கையில் இருப்பது ஏரிக்குள் விழும் சாக்கடை ஒன்றுதான்.

ஒரு பெரிய தாளில் நான்கு பத்தி போடுங்கள். இடம் அல்லது சேவை, உரிமை யாருக்கு, பராமரிப்பது யார், அனுமதி தர வேண்டியவர் யார். பேருந்து நிலையம், சந்தை, மயானம், அரசு மருத்துவமனை, பள்ளிகள், குளங்கள், மேல்நிலைத் தொட்டிகள், குப்பைக் கிடங்கு என்று ஒவ்வொன்றாக நிரப்புங்கள். கிராம நிர்வாக அலுவலர் கையில் இருக்கும் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேட்டையும் (எந்த நிலம் யாருடையது என்ற பதிவேடு) நகரமைப்புப் பிரிவின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். முரண் இருந்தால் இப்போதே குறித்துவிடுங்கள். டெண்டர் விட்ட பிறகு தெரிந்தால் வேலை நீதிமன்றத்தில் போய் நிற்கும்.

மக்கள்தொகை எண்ணிலும் கவனம் வேண்டும். நம்மிடம் இருப்பது 2011 கணக்கெடுப்பு. அதற்குப் பிறகு ஊரின் ஓரத்தில் எத்தனை மனைப்பிரிவுகள் முளைத்திருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். சொத்துவரி விதிப்பு எண்ணிக்கை, வீட்டு மின் இணைப்பு, குடும்ப அட்டை ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்றைய ஊர் எவ்வளவு பெரியது என்பது ஓரளவு பிடிபடும். அந்த எண் தெரிந்தால் மற்றவை தானாக வரும். பாதாள சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது வழிகாட்டு அளவு. ஒரு லட்சம் பேர் என்றால் 1.35 கோடி லிட்டர். அதில் ஏறக்குறைய 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பி வரும். அதாவது தினமும் ஒரு கோடி லிட்டருக்கு மேல். அது இன்று எங்கே போகிறது என்ற கேள்விக்கு மன்றத்தில் யாரிடமும் பதில் இல்லை என்றால், உங்கள் பத்தாண்டுத் திட்டத்தின் முதல் பக்கம் கிடைத்துவிட்டது.

விடியற்காலையில் ஒரு நடை

காகிதம் சேர்த்தது போதும். இனி நடக்க வேண்டும். தண்ணீர் விடும் நேரத்தில் நடங்கள், குப்பை வண்டி வரும் நேரத்தில் நடங்கள், மழை பெய்து முடிந்த அரைமணி நேரத்தில் நடங்கள். இந்த மூன்று நேரத்திலும் ஊர் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்.

நான் மறக்காத காலை ஒன்று உண்டு. ஐந்தரை மணி. வால்வு திறந்துவிடும் பணியாளரோடு கூடப் போனேன். தோளில் நீளமான இரும்புச் சாவி. தெருமுனையில் மூடியைத் தூக்கி, சாவியை இறக்கி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே திருகினார். எட்டில் நிறுத்தினார். "இது பதினாலு சுத்து போகும் சார். ஆனா எட்டுக்கு மேல போனா கீழத்தெருவுல பைப்பு பிச்சுக்கும். எட்டுல நிறுத்துனா மேட்டுத்தெரு கடைசி ஆறு வீட்டுக்குத் தண்ணி ஏறாது. அவங்க எட்டு வருஷமா என்னைத்தான் திட்டுறாங்க." அந்த ஆறு வீட்டுக் கணக்கு எந்தக் கோப்பிலும் இல்லை. பொறியாளர் பிரிவின் வரைபடத்தில் அந்தக் குழாய் முழுக் கொள்ளளவில் ஓடுகிறது. கீழத்தெருவில் சில நூறு அடிக்குப் பழைய குழாயை மாற்றினால் தீர்ந்துவிடக்கூடிய குறை. எட்டு ஆண்டாக அவரிடம் யாரும் கேட்கவில்லை.

வால்வுக்காரர், தூய்மைப் பணியாளர்கள், வரி வசூலிக்கும் பில் கலெக்டர், மின்கம்பம் ஏறுகிறவர் ஆகிய நான்கு பேரையும் உட்கார வைத்து ஒரு மதியம் பேசுங்கள். டீ வாங்கிக் கொடுங்கள். அதிகாரிகள் இல்லாத அறையாக இருக்கட்டும். லட்சக்கணக்கில் கொடுத்து வெளி ஆலோசகரிடம் வாங்கும் அறிக்கையைவிட அந்த மதியம் உங்களுக்கு அதிகம் தரும். ஆலோசகர் அறிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதாள சாக்கடைக்கு விரிவான திட்ட அறிக்கை வல்லுநர்தான் போட முடியும். ஆனால் ஊரின் திட்டத்தையே அவர்களிடம் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். ஓர் ஊருக்கு வந்த அறிக்கையில், இரண்டு ஆண்டுக்கு முன்பே இடித்துவிட்ட பழைய பேருந்து நிலையத்தை நவீனப்படுத்தப் பரிந்துரை இருந்தது. அதை எழுதியவர் ஊருக்கு வந்ததே இல்லை. மன்றம் அதற்கும் ஏகமனதாக அனுமதி கொடுத்தது.

மக்களைக் கூட்டுவது

இப்போதுதான் கூட்டம். அதற்குச் சட்டம் தந்த இடம் இருக்கிறது. 2022இல் வார்டு கமிட்டி, பகுதி சபா விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று பகுதி சபாக்கள் கூடின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு சபா. அவற்றின் பிரதிநிதிகள் சேர்ந்த வார்டு கமிட்டிக்குக் கவுன்சிலர் தலைவர். ஆண்டுக்கு நான்கு முறை சபா கூட வேண்டும். பல ஊர்களில் இது மனு வாங்கும் கூட்டமாகச் சுருங்கிவிட்டது. அதை மீட்பது உங்கள் கையில் இருக்கிறது.

இடமும் நேரமும் பாதி வேலையைச் செய்துவிடும். நகராட்சிக் கூட்ட அரங்கில் காலை பதினோரு மணிக்குக் கூட்டம் போட்டால் வெள்ளைச் சட்டைகள் வரும். சத்துணவுக் கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ சர்ச் வளாகத்திலோ பள்ளிவாசல் பக்கத்துக் கூடத்திலோ மதியம் மூன்று மணிக்குப் போட்டால் பெண்கள் வருவார்கள். தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு மாலை. ஒரே கூட்டத்தில் எல்லோரையும் பிடிக்க நினைக்காமல், பகுதிக்கு இரண்டு கூட்டமாவது போடுங்கள். 2022 தேர்தலில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. பெண் கவுன்சிலராக நீங்கள் இருந்தால், கூட்டத்தை நீங்களே நடத்துங்கள். வீட்டு ஆண்கள் பின்வரிசையில் உட்காரட்டும்.

"என்ன வேணும்?" என்று பொதுவாகக் கேட்டால், மைக்கைப் பிடித்தவர் சொல்வதுதான் ஊர் கருத்தாகும். நாங்கள் செய்த முறை வேறு. பத்துப் படங்களைச் சுவரில் ஒட்டினோம். தண்ணீர்க் குழாய், சாக்கடை, கழிப்பறை, பூங்கா, சந்தை, தெருவிளக்கு, நூலகம் என்று. ஒவ்வொருவர் கையிலும் பத்துப் புளியங்கொட்டை. எது முக்கியமோ அதன் கீழே இருக்கும் தட்டில் போட வேண்டும். பேச வேண்டியதில்லை. படிக்கத் தெரிய வேண்டியதும் இல்லை. தூய்மைப் பணி செய்யும் ஓர் அம்மா பத்தையும் கழிப்பறைத் தட்டில் கொட்டினார். பக்கத்தில் இருந்தவர், "ஏன்க்கா எல்லாத்தையும் ஒண்ணுலயே போட்டுட்டீங்க?" என்றார். "விடியக்காலம் அஞ்சு மணிக்கு வந்துட்டா மதியம் வீட்டுக்குப் போறவரைக்கும் எங்களுக்குப் போக இடமில்ல. தண்ணியே குடிக்காம வேலை பாக்குறோம்." அரங்கம் அமைதியாகிவிட்டது. ஊரைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு ஊரில் ஒரு கழிப்பறை இல்லை என்பது அதுவரை எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. என் இருபது ஆண்டுக் கணக்குப் புத்தகங்களிலும் ஏறவில்லை.

கொட்டைகளை எல்லோர் முன்னாலும் எண்ணுங்கள். எண்ணியதை அங்கேயே சாக்பீஸால் கரும்பலகையில் எழுதுங்கள். அடுத்த கூட்டம் அந்த எண்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்த வரிசையை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கேரளத்தில் 1996 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குத் தருவதென முடிவாயிற்று. அங்கே முதலில் சபைகள் கூடின. பிறகு ஊரின் நிலையைச் சொல்லும் வளர்ச்சி அறிக்கை எழுதினார்கள். அதை வைத்துக் கருத்தரங்கு நடத்தினார்கள். துறைவாரியாகப் பணிக்குழுக்கள் உட்கார்ந்து, ஆசைகளை மதிப்பீடு உள்ள திட்டங்களாக மாற்றின. ஓய்வு பெற்ற பொறியாளர்களும் ஆசிரியர்களும் அந்தக் குழுக்களில் பெரிய பலமாக இருந்தார்கள். நம் ஊர்களிலும் அப்படிப்பட்டவர்கள் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். கூப்பிட ஆளில்லாமல்தான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எழுதும்போது

"உலகத்தரம் வாய்ந்த பசுமை நகரம்" என்று எழுத வேண்டாம். அதை யாரும் மறுக்க மாட்டார்கள், யாரும் அதற்காக வேலை செய்யவும் மாட்டார்கள். ஒரு வரியை எழுதி முடித்ததும், உங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவரிடம் படித்துக் காட்டுங்கள். பத்தாண்டு கழித்து அவர் "ஆமா, நடந்துச்சு" என்றோ "இல்ல, நடக்கல" என்றோ சொல்ல முடிந்தால் அந்த வரி தேறும். இப்படி:

மேட்டுத்தெரு உள்படக் கடைசி வீடு வரைக்கும் இரண்டு நாளுக்கு ஒருமுறை குடிநீர் வரும்.

ஏரிக்குள் ஒரு சாக்கடையும் விழாது.

விடியற்காலையில் வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான்கு இடத்தில் பூட்டிக் கிடக்காத கழிப்பறை இருக்கும்.

ஐந்து வரிக்கு மேல் போகாதீர்கள். பத்து வரி எழுதினால் பத்துக்கும் பணம் பிரியும், எதுவும் முடியாது. விட்டுப்போனவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, ஏன் இப்போது இல்லை என்று காரணம் போடுங்கள். வாகன நிறுத்தம் கேட்ட வியாபாரிக்கு அந்தக் காரணத்தை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கிறது.

நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் முழுமைத் திட்டம் உங்கள் ஊருக்கு இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிலம் எதற்கு என்று அது சொல்லும். நீங்கள் எழுதுவது அதற்கு மாற்று இல்லை. எதை முதலில் செய்வது என்பதை அது சொல்லாது, நீங்கள் சொல்கிறீர்கள். குப்பைக் கிடங்கை மாற்ற நினைக்கும் இடம் அதில் குடியிருப்புப் பகுதி என்று இருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மக்களும் பங்கு போடுவது: ஆலந்தூர்

தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய முன்னுதாரணம் ஆலந்தூர். இன்று சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. தொண்ணூறுகளில் தனி நகராட்சி. ஊர் முழுக்கச் செப்டிக் டேங்க், கொசு, நிரம்பி வழியும் கழிவுநீர். ஆர்.எஸ். பாரதி தலைவராக இருந்த நகர்மன்றம் பாதாள சாக்கடை கொண்டுவர முடிவெடுத்தது. அரசுப் பணம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கட்டச் சொன்னார்கள். குழாய் பதிப்பதற்கு முன்பே. அன்றைக்கு 5,000 ரூபாய் சாதாரணத் தொகையா? குடியிருப்போர் சங்கங்களோடு சேர்ந்து வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். மக்கள் கட்டினார்கள். அதைக் காட்டித் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தில் கடன் வாங்க முடிந்தது. பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி நடத்த ஒப்பந்தம் போட முடிந்தது. வீட்டு இணைப்புக்கு மாதம் 150 ரூபாய் கட்டணம் வைத்தார்கள். நகராட்சி அளவில் தனியார் பங்கேற்போடு செய்த கழிவுநீர்த் திட்டங்களில் இந்தியாவிலேயே முன்னோடி என்று அதைச் சொல்வார்கள்.

இதில் நான் பார்ப்பது, முன்பணம் கட்டிய வீட்டுக்காரர் அடுத்த நாளிலிருந்து கண்காணிப்பாளராகவும் மாறிவிடுவார் என்பதை. தெருவில் பள்ளம் தோண்டினால், "எப்ப மூடுவீங்க?" என்று கேட்க அவருக்கு உரிமை வந்துவிடுகிறது. எல்லாத் திட்டத்துக்கும் மக்களிடம் காசு கேட்க முடியாது. கூலி வேலை செய்கிறவர்களிடம் கேட்கவும் கூடாது. பங்கு என்பது உழைப்பாகவும் இருக்கலாம், ஊரணிக் கரையில் மரம் வளர்த்துக் காப்பதாகவும் இருக்கலாம். திருச்சியில் பொதுக் கழிப்பறைகளை மகளிர் சுயஉதவிக் குழுக்கள் எடுத்து நடத்தியது அப்படிப்பட்ட பங்குதான். பணமாகப் பங்கு தர முடிந்த இடங்களில் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. மக்களோ ஊரிலிருந்து வெளியூர் போனவர்களோ ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும்.

வாங்கும் பணத்துக்கு உடனே ரசீது, தனி வங்கிக் கணக்கு, மாதம் ஒருமுறை இருப்பு எவ்வளவு என்று அறிவிப்புப் பலகையில் எழுதுவது. கணக்குப் பிரிவில் இருந்தவன் என்பதால் இந்த மூன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன். ஒரு ரூபாய்க்குச் சந்தேகம் வந்தால் மொத்தமும் போய்விடும்.

வார்டுப் பங்கீடு என்ற முடிச்சு

பெரும்பாலான திட்டங்கள் மன்றத்துக்குள்தான் சாகின்றன. 30 வார்டு இருந்தால், கைப்பணம் ஒன்றரைக் கோடியை முப்பதாகப் பிரிப்பார்கள். வார்டுக்கு 5 லட்சம். அதில் ஒரு சிறு சிமென்ட் சாலையோ கொஞ்சம் வடிகாலோ போடலாம். எந்த வார்டும் கோபித்துக்கொள்ளாது. ஆனால் ஏரியில் விழும் சாக்கடையை 5 லட்சத்தில் நிறுத்த முடியாது. வடிகால் 4வது வார்டில் தொடங்கி 19வது வார்டில் முடிகிறது. தண்ணீருக்கு வார்டு எல்லை தெரியாது.

சக உறுப்பினர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஜெயித்து வந்தவருக்குத் தன் தெருவில் காட்ட ஒரு வேலை வேண்டும். அதை மதித்துத்தான் பேச வேண்டும். எனக்குத் தெரிந்து நடந்தேறிய ஒரே வழி, முழுப் பணத்தையும் பொதுவில் கேட்காமல் பாதியை மட்டும் கேட்பது. ஒரு பாதி வழக்கம்போல வார்டுகளுக்கு. மறுபாதி திட்டத்தில் எழுதிய ஐந்து வரிகளுக்கு. யார் வார்டில் வேலை முதலில் நடக்கும் என்ற வரிசையை மன்றத்தில் சண்டை போட்டுத் தீர்க்காமல், புளியங்கொட்டை எண்ணிக்கையும் பொறியாளர் சொல்லும் ஓட்ட மட்டமும் தீர்மானிக்கட்டும். வரிசையை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எதிர்க்கட்சி உறுப்பினர்களின் கையெழுத்தையும் முதல் நாளே வாங்குங்கள். அவர்கள் நாளை தலைவராக வரலாம், அப்போது அந்தத் தாள் தேவைப்படும். தலைவரைப் பார்ப்பதற்கு முன்பே அவர்களைத் தனியாகச் சந்தித்து, "அண்ணே, இது கட்சி விஷயமில்ல, உங்க வார்டுத் தண்ணியும் இதுலதான் இருக்கு" என்று வரைபடத்தை விரித்துக் காட்டுங்கள். மேடையில் கிடைக்காத சம்மதம் டீக்கடை பெஞ்சில் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பட்ஜெட்டுக்குள் ஏற்றுவது

பட்ஜெட் மார்ச்சில் வாசிக்கப்பட்டாலும், கணக்குப் பிரிவில் நவம்பர், டிசம்பரிலேயே அதற்கான வேலை தொடங்கிவிடும். பிப்ரவரியில் போய்க் கேட்டால், "தலைப்பு எல்லாம் போட்டாச்சே" என்பார்கள். அதனால் அக்டோபருக்குள் உங்கள் ஐந்து வரிகளும் மன்றத்தில் தீர்மானமாகிவிட வேண்டும். கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். தீர்மான எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். மினிட் புத்தகத்தில் ஏறாத பேச்சுக்கு அலுவலகத்தில் மதிப்பில்லை.

ஒவ்வொரு வரிக்கும் பட்ஜெட்டில் ஒரு தலைப்பும் ஒரு தொகையும் வேண்டும். முதல் ஆண்டில் இரண்டு லட்சமாக இருந்தாலும் பரவாயில்லை. தலைப்பு இருந்தால் அடுத்த ஆண்டு அதில் தொகை கூட்டலாம். தலைப்பே இல்லாவிட்டால் பணம் இருந்தாலும் செலவிட முடியாது. அதற்குப் பிறகு மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, ஒப்பந்தப்புள்ளி என்று கோப்பு நகரும். 2023 ஏப்ரல் 13 முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் விதிகளில் எந்தத் தொகைக்கு யார் அனுமதி தர வேண்டும் என்பதை ஆணையாளரிடம் ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொண்டால், கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று பின்தொடர முடியும்.

முதல் ஆண்டில் சிறிய ஒன்றை முடித்துக் காட்டுங்கள். நாங்கள் மேட்டுத்தெருக் குழாயை எடுத்துக்கொண்டோம். கீழத்தெருவில் பைப் மாற்றிய மறுவாரம், அதே வால்வுக்காரர் பதினாலு சுற்றும் திருகினார். கடைசி வீட்டுப் பாட்டி குடத்தை வைத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அந்த மாதப் பகுதி சபாவுக்கு முன்பு வந்ததைப்போல இரண்டு மடங்கு ஆட்கள் வந்தார்கள்.

மன்றம் கலைந்த பிறகும்

தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19இல்தான் நடந்தது. இடையில் ஐந்து ஆண்டுக்கு மேல், மன்றத்துக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் நடத்தினார்கள். அப்படியொரு இடைவெளி மீண்டும் வந்தால் உங்கள் பத்தாண்டுத் திட்டம் பிழைக்க வேண்டும். ஆணையாளர் இரண்டு, மூன்று ஆண்டில் மாறிவிடுவார். அலமாரியில் இருக்கும் கோப்பு யார் கண்ணிலும் படாது.

ஆண்டுக்கு ஒருமுறை, சொத்துவரி அரையாண்டு தொடங்கும் ஏப்ரலிலேயே, ஐந்து வரிகளையும் பகுதி சபாவில் வாசித்து எது நடந்தது, எது நடக்கவில்லை, எவ்வளவு செலவு என்று சொல்லுங்கள். நடக்காததையும் சொல்லுங்கள். வாசித்ததை இரண்டு பக்கத் தாளாக அடித்து, ஒரு படி ஊர் நூலகத்தில், ஒரு படி அரசு மேல்நிலைப் பள்ளியில், ஒரு படி வார்டு கமிட்டியில் வயதில் இளையவர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். தீர்மான எண், பட்ஜெட் தலைப்பு, எல்லோருடைய கையெழுத்து ஆகிய மூன்றும் அந்தத் தாளில் இருக்கட்டும். புதிய ஆணையாளரோ தனி அலுவலரோ பொறுப்பேற்ற முதல் வாரத்தில் அந்தத் தாளோடு நான்கு பேர் போய்ப் பாருங்கள். வால்வுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.